தம்பியை மோதிக் கொன்றவனுக்கு எத்தனை வருடம் கிடைக்கும்?

வாசகி கேள்வி:

வணக்கம் மேடம். நாங்கள் புக்கிட் மெர்தாஜாமில் இருக்கிறோம். என் தம்பிக்கு வயது 34. பாயான் லெப்பாஸில் ஒரு ஃபேக்டரியில் நைட் ஷிப்ட் பார்த்தான். நான்கு மாதத்துக்கு முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, வேலை முடிந்து மோட்டாரில் பாலத்தைத் தாண்டி வீட்டுக்கு வரும்போது பின்னால் வந்த கார் மோதியது. அந்த இடத்திலேயே போய்விட்டான். கார் ஓட்டியவன் மேல் மது வாடை அடித்தது, நிற்கக்கூட முடியவில்லை என்று அங்கே மோட்டாரை நிறுத்தி உதவிய இரண்டு பேர் சொன்னார்கள். இப்போது அவன் ஜாமீனில் வெளியே இருக்கிறான். ஐஓவை (விசாரணை அதிகாரியை) கேட்டால் இரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் இன்னும் வரவில்லை, இப்போதைக்கு 41ஆம் பிரிவில் விசாரிக்கிறோம் என்கிறார். 2018இல் என் சித்தப்பா மகனும் இப்படித்தான் இறந்தான். குடித்துவிட்டு ஓட்டியவனுக்கு மூன்று வருடம்தான் கொடுத்தார்கள். போன வாரம் இந்த ஆளின் உறவினர் ஒருவர் வந்து, ஐயாயிரம் வெள்ளி தருகிறோம், ஒரு கடிதத்தில் கையெழுத்துப் போடுங்கள் என்றார். தம்பிக்கு மனைவியும் ஆறு வயதில் ஒரு மகளும் இருக்கிறார்கள். ஒரு உயிருக்கு நம் கோர்ட்டுகள் கொடுக்கும் தண்டனை இவ்வளவுதானா? நாங்கள் வெறுமனே பார்த்துக்கொண்டு இருக்க வேண்டியதுதானா?

பதில்:

சகோதரிக்கு வணக்கம். உங்கள் தம்பியின் இழப்புக்கு என் ஆழ்ந்த அனுதாபங்கள்.

மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் அந்தக் கடிதம். யாரும் கையெழுத்துப் போடாதீர்கள். நீங்களும் சரி, அம்மாவும் சரி, தம்பி மனைவியும் சரி. இப்படிக் கொண்டுவரும் கடிதங்கள் பலவற்றைப் பார்த்திருக்கிறேன். மலாயில் டைப் செய்து ஒன்றரைப் பக்கம் இருக்கும். மேலே அனுதாப வார்த்தைகள். நடுவில், இந்த விபத்து சம்பந்தமாக எங்களுக்கு இனி எந்தக் கோரிக்கையும் இல்லை என்று ஒரு வரி. கடைசியில், ஓட்டியவரை மன்னித்துவிட்டோம், அவர் மேல் நடவடிக்கை வேண்டாம் என்று இன்னொரு வரி. முதல் வரியைக் காட்டி காப்புறுதி நிறுவனம் உங்கள் இழப்பீட்டு வழக்கை முடக்கப் பார்க்கும். இரண்டாவது வரி, குற்றச்சாட்டைக் குறைக்கச் சொல்லி எதிர்த்தரப்பு அனுப்பும் மனுவோடு சேரும். அங்கே பலிக்காவிட்டால் தண்டனை நாளில் நீதிபதி மேசைக்குப் போகும். மனம் வருந்தி உதவ நினைக்கிறவர்கள் கையெழுத்து கேட்காமலே உதவலாம். அவர்கள் மறுபடி வந்தால், எங்கள் வழக்கறிஞரிடம் பேசிக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பிவிடுங்கள்.

இனி உங்கள் கேள்வி. சித்தப்பா மகனுடைய வழக்கை வைத்து இந்த வழக்கை எடை போடாதீர்கள். அது பழைய தண்டனை. குடித்துவிட்டு ஓட்டி மரணம் விளைவிப்பது 1987ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டத்தில் 44ஆம் பிரிவு. அப்போது அதற்கு 3 முதல் 10 ஆண்டு சிறை, 8,000 முதல் 20,000 வெள்ளி அபராதம். அந்த மூன்று வருடம் சட்டத்தின் அடிமட்டம். 2020இல் அடுத்தடுத்து நடந்த கோர விபத்துகளால் நாடே கொதித்தது. வீ கா சியோங் போக்குவரத்து அமைச்சராக இருந்த நேரம் அது. திருத்த மசோதா ஆகஸ்டில் மக்களவையில் நிறைவேறி, அக்டோபர் 23ஆம் தேதி அமலுக்கு வந்தது.

இப்போது 44ஆம் பிரிவில் முதல் முறை குற்றம் செய்தவனுக்கே 10 முதல் 15 ஆண்டு சிறை, அதோடு 50,000 முதல் 100,000 வெள்ளி அபராதம். இரண்டாவது முறை என்றால் 15 முதல் 20 ஆண்டு. லைசென்சும் பல வருடங்களுக்குப் போகும். அளவும் இறங்கியிருக்கிறது: முன்பு 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 80 மில்லிகிராம் மது வரை விட்டார்கள், இப்போது 50. யாரையும் மோதாமல் ரோட் பிளாக்கில் இந்த அளவைத் தாண்டிப் பிடிபட்டாலே 45ஏ பிரிவில் 10,000 முதல் 30,000 வெள்ளி அபராதம், இரண்டு ஆண்டு வரை சிறை. திருத்தத்துக்கு முன் நடந்த குற்றத்துக்குப் புதிய தண்டனையைக் கொடுக்க நம் அரசியலமைப்பின் 7ஆம் விதி இடம் தராது. அதனால்தான் 2020க்குப் பிறகும் சில வழக்குகளில் பழைய தண்டனையே வந்தது. பேப்பரில் படித்தவர்களுக்குச் சட்டம் மாறவே இல்லை என்ற எண்ணம் வந்துவிட்டது.

பத்து வருடம் என்றால் முழுசாகப் பத்து வருடம் உள்ளே இருப்பான் என்று நினைக்க வேண்டாம். சிறையில் நன்னடத்தைக்கு மூன்றில் ஒரு பங்கு கழிப்பார்கள். ஏறக்குறைய ஆறு வருடம் எட்டு மாதம் வரும். வெளியே வரும்போது உங்கள் தம்பி மகள் இடைநிலைப் பள்ளியில் இருப்பாள். இதைக் கேட்டால் வயிறு எரியும், தெரியும். ஆனாலும் என் கருத்தை ஒளிக்காமல் சொல்கிறேன்: இந்தப் பத்து வருட அடிமட்டம் சரியானது, இது போதும். குடும்பத்தில் மூத்தவர், தாயாருக்கு நீரிழிவு, முதல் குற்றம், மனம் வருந்துகிறார் என்று எதிர்த்தரப்பு என்ன சொல்லி இறக்கம் கேட்டாலும், 44இல் குற்றம் உறுதியானால் நீதிபதி பத்துக்குக் கீழே போக முடியாது. நம் கோர்ட்டு மென்மையாக இருக்கிறது என்று எல்லோரும் திட்டுகிறார்கள். இந்தப் பிரிவில் மென்மையாக இருக்க நீதிபதிக்கு இடமே இல்லை.

எனக்குக் கோபம் வருகிற இடம் வேறு. வழக்கு எந்தப் பிரிவில் கோர்ட்டுக்குள் வருகிறது என்பதுதான் அது. உங்கள் ஐஓ சொன்ன 41ஆம் பிரிவு, ஆபத்தான முறையில் ஓட்டி மரணம் விளைவித்தது. அதற்கு 5 முதல் 10 ஆண்டு. அதாவது 44இன் அடிமட்டம் 41இன் உச்சம். 43க்கு இறங்கினால், அது வெறும் கவனக்குறைவு. ஒரு வருடத்துக்கு மேல் சிறை கிடையாது, அபராதத்தோடும் முடிந்துவிடலாம். ஒரே சாலை, ஒரே கார், ஒரே சடலம். பத்து வருடமா, ஐந்தா, ஒன்றுமே இல்லையா என்பது விபத்து நடந்த முதல் சில மணி நேரத்தில் கையில் கிடைத்த ஆதாரத்தைப் பொறுத்துப் போகிறது.

அந்த மணி நேரக் கணக்கைப் பாருங்கள். மனித உடம்பு சுமாராக ஒரு மணிக்கு 15 மில்லிகிராம் அளவில் மதுவைக் கரைக்கிறது. மோதிய நேரத்தில் 120 இருந்தவனுக்கு ஐந்து மணி நேரம் கழித்து இரத்தம் எடுத்தால் 45தான் காட்டும். வரம்புக்குக் கீழே. முழுப் போதையில் ஒருவரைக் கொன்றவன் காகிதத்தில் குடிக்காதவன் ஆகிவிடுகிறான். இதில் இன்னும் கொடுமை, மோதிவிட்டு ஓடிப்போய் மறுநாள் வழக்கறிஞரோடு ஸ்டேஷனுக்கு வருகிறவன். நின்று, ஆம்புலன்ஸ் கூப்பிட்டு, ஊதச் சொன்னால் ஊதியவனுக்குப் பத்து வருடம் உறுதி. ஓடியவனுக்கு 44ஐ நிரூபிப்பதே கஷ்டம். ஓடினால் லாபம் என்கிற இந்த இடைவெளியை 2020 திருத்தம் அடைக்கவில்லை. நாடாளுமன்றத்தில் இனி யாராவது இந்தச் சட்டத்தைக் கையில் எடுத்தால், பத்தைப் பதினைந்தாக உயர்த்துவதை விட்டுவிட்டு இதை முதலில் அடைக்க வேண்டும். மாதிரி கொடுக்க மறுப்பதே 45சி பிரிவில் குற்றம்தான். ஆனால் ஆள் அகப்பட்டால்தானே மாதிரி கேட்க முடியும்?

உங்கள் வழக்கில் அவன் ஓடவில்லை, இரத்தமும் எடுத்திருக்கிறார்கள். அது பெரிய விஷயம். ஜபாத்தான் கிமியாவிலிருந்து (இரசாயனத் துறை) இரத்த ரிப்போர்ட் வரும் வரை 41இல் ஃபைல் திறந்து வைப்பது வழக்கமான நடைமுறை. ஆனால் அப்படித் திறந்த ஃபைல் அப்படியே 41இல் கோர்ட்டுக்குப் போய்விடக் கூடாது. எந்தப் பிரிவில் குற்றம் சாட்டுவது என்பது நீதிபதி கையிலும் இல்லை, போலீஸ் கையிலும் இல்லை. அரசியலமைப்பின் 145ஆம் விதிப்படி அது சட்டத்துறைத் தலைவரின் அதிகாரம். பினாங்கில் அவர் சார்பில் டிபிபி (துணை அரசுத் தரப்பு வழக்கறிஞர்) முடிவெடுக்கிறார். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் பிரிவைக் குறைக்கச் சொல்லி அங்கேதான் மனு அனுப்புவார். நீங்களும் அங்கேயே எழுதுங்கள். யாரும் உங்களைத் தடுக்க முடியாது.

எழுதும்போது அழுகையைக் குறைத்து விவரத்தைக் கூட்டுங்கள். போலீஸ் ரிப்போர்ட் நம்பர், விபத்து நடந்த நேரம், இரத்தம் எடுத்த நேரம், அந்த இரண்டு சாட்சிகளின் பெயர். அவர்களுடைய வாக்குமூலத்தை போலீஸ் பதிவு செய்ததா என்று முதலில் கேளுங்கள். உதவ நின்றவர்கள் ஆம்புலன்ஸ் வந்ததும் வேலைக்குப் போய்விடுவார்கள், யாரும் பிறகு தேட மாட்டார்கள். நல்ல வழக்குகள் இப்படித்தான் கெட்டுப்போகின்றன. 44ஆம் பிரிவுக்கு இரண்டு வழி உண்டு: ஒன்று, மது வரம்பைத் தாண்டியிருப்பது. மற்றொன்று, வண்டியைக் கட்டுப்படுத்த முடியாத அளவுக்குப் போதையில் இருந்தது. இரத்த எண் குறைவாக வந்தாலும் இரண்டாவது வழி அடைபடாது. வாடை அடித்தது, நிற்க முடியவில்லை, பேச்சு குழறியது, கார் வளைந்து வளைந்து வந்தது, இவை எல்லாம் அதற்கு ஆதாரம். அவன் காருக்குப் பின்னால் வந்த காரில் டேஷ்கேம் இருந்ததா, அவன் குடித்த இடத்தில் பில் இருக்கிறதா என்பதை போலீஸ் தேடச் சொல்லி அதே கடிதத்தில் கேளுங்கள். கேமராப் பதிவுகள் நீண்ட நாள் நிற்காது. நான்கு மாதம் ஆகிவிட்டது, இனி ஒரு நாளும் தள்ள வேண்டாம்.

ஐஓ போனை எடுக்கவில்லை என்று பலர் சோர்ந்துவிடுகிறார்கள். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 107ஏ பிரிவுப்படி, ரிப்போர்ட் கொடுத்தவர் விசாரணை நிலவரத்தை எழுத்தில் கேட்கலாம். நான்கு வாரம் கடந்திருந்தால் இரண்டு வாரத்துக்குள் அவர்கள் பதில் தர வேண்டும். தராவிட்டால் டிபிபிக்குப் புகார் செய்யலாம். ரிப்போர்ட் உங்கள் வீட்டில் யார் பெயரில் இருக்கிறது என்று பார்த்து அவரைக் கொண்டே கையெழுத்துப் போட வையுங்கள். முடிந்தால் ஒரு வழக்கறிஞரை வாட்சிங் பிரீஃபுக்கு வையுங்கள். அவர் வாதாட முடியாது. ஆனால் ஒவ்வொரு மென்ஷனுக்கும் (வழக்கைக் கோர்ட்டில் கூப்பிடும் நாள்) வந்து பின்னால் உட்கார்ந்து குறிப்பெடுப்பார். மென்ஷன் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். குடும்பம் வெளியே நிற்கும்போதே தேதி மாறி, பிரிவு மாறி, எல்லாம் நடந்திருக்கும். குடும்பத்தின் சார்பில் ஒருவர் உள்ளே இருக்கிறார் என்று தெரிந்தால் எல்லோரும் கொஞ்சம் நிமிர்ந்து வேலை செய்வார்கள்.

குற்றம் உறுதியான பிறகு உங்களுக்குப் பேச உரிமை உண்டு. இது பலருக்குத் தெரியாது. தண்டனை சொல்வதற்கு முன், பாதிக்கப்பட்டவரின் குடும்பம் கேட்டுக்கொண்டால், அவர்களைக் கூப்பிட்டுக் கேட்க வேண்டும் என்று குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 183ஏ பிரிவு சொல்கிறது. நேரில் வர முடியாவிட்டால் எழுதிக் கொடுக்கலாம். 10க்கும் 15க்கும் நடுவில் நீதிபதிக்கு ஐந்து வருட இடம் இருக்கிறது; உங்கள் வார்த்தை அந்த இடத்தில் விழும். அவனைத் தூக்கில் போடுங்கள் என்று சொன்னால் அந்த நேரம் வீணாகிவிடும். தம்பி மனைவி பேசட்டும். மலாய் வராவிட்டால் தமிழிலேயே பேசலாம், மொழிபெயர்ப்பாளர் இருப்பார். நைட் ஷிப்ட் முடிந்து வந்து, தூங்காமல், பிள்ளைக்குத் தலை வாரிப் பள்ளிப் பேருந்தில் ஏற்றிவிட்டுத்தான் படுப்பார் என்றால் அதைச் சொல்லட்டும். இப்போது அந்த வேலையை யார் செய்கிறார்கள், மகள் இரவில் எத்தனை மணிக்கு எழுந்து அப்பா வந்துவிட்டாரா என்று கேட்கிறாள், வீட்டுக் கடன் எத்தனை மாதம் பாக்கி. இவ்வளவு போதும். இன்றிலிருந்தே ஒரு நோட்டில் எழுதி வைக்கச் சொல்லுங்கள். வழக்கு முடியும் நேரத்தில் இந்தச் சின்ன விவரங்கள் நினைவில் இருக்காது.

தண்டனை குறைவு என்று தோன்றினால் உங்களால் அப்பீல் செய்ய முடியாது, டிபிபியால் முடியும். தீர்ப்பிலிருந்து 14 நாள்தான். தீர்ப்பு நாளன்றே அவரிடம் எழுத்தில் கேளுங்கள்.

தண்டனைச் சட்டத்தின் 302ஆம் பிரிவை, அதாவது கொலைக் குற்றத்தை, போடச் சொல்லி சிலர் உங்களைத் தூண்டுவார்கள். கொலைக் குற்றம் என்றால் கொல்லும் எண்ணத்தையோ, கட்டாயம் உயிர் போகும் என்று தெரிந்தே செய்ததையோ நிரூபிக்க வேண்டும். போதையே அந்த எண்ணத்தை மறுக்க எதிர்த்தரப்பு எடுக்கும் ஆயுதம். 44இல் எண்ணத்தை நிரூபிக்கத் தேவையில்லை. குடித்தான், ஓட்டினான், செத்தார் என்பது போதும். அசாதாரணமான உண்மைகள் இருந்தால் ஒழிய நான் 44ஐத்தான் பிடித்துக்கொள்ளச் சொல்வேன்.

இந்த இடத்தில் வாசகர்கள் எல்லோருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். உங்களைப் போல் அழுதுகொண்டு அழைக்கிற குடும்பங்களும் நம்மவர்கள்தான். மகன் ரோட் பிளாக்கில் மாட்டிக்கொண்டான், கொஞ்சம் பார்த்து முடித்துவிடுங்கள் என்று ராத்திரி இரண்டு மணிக்கு அழைக்கிற குடும்பங்களும் நம்மவர்கள்தான். கல்யாண மண்டபத்து கார் பார்க்கில் காரின் பின்பெட்டியைத் திறந்து வைத்து ஊற்றிக் கொடுக்கிறோம், பிறகு அதே ஆளிடம் சாவியைக் கொடுத்து, பார்த்துப் போ மாமா என்கிறோம். அந்த இடத்தில் சாவியைப் பிடுங்குகிற ஒரு மச்சானோ தங்கையோ இருந்தால் 44ஆம் பிரிவுக்கே வேலை வராது. 45ஏ பிரிவில் முதல் முறை பிடிபட்டவனுக்கு லைசென்ஸ் போவதை நான் ஒரு போதும் பரிதாபமாக நினைக்கவில்லை. இன்னொரு வீட்டில் சாவு விழாமல் தடுத்தது அதுதான்.

பணம். இதைப் பேசத் தம்பி மனைவிக்குக் கூச்சமாக இருக்கும். கூச்சப்பட வேண்டியதில்லை. கிரிமினல் வழக்குக்குக் காத்திருக்காமல் இழப்பீட்டு வழக்கைத் தனியாகத் தொடங்கலாம். 1956ஆம் ஆண்டு சிவில் சட்டம் 7ஆம் பிரிவில் மனைவி, பிள்ளை, பெற்றோர் கேட்கலாம். அக்கா தங்கைக்கு அந்த உரிமை இல்லை, எனவே வழக்கு அவர்கள் பெயரில் வரும். இறந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுக்குள் போட வேண்டும். கணக்கு இப்படி: 31 முதல் 59 வயது வரை, 60இலிருந்து வயதைக் கழித்து இரண்டால் வகுப்பார்கள். 34 வயதுக்கு 13 ஆண்டு. தம்பி மாதம் 2,000 வெள்ளி வீட்டுக்குக் கொடுத்தார் என்று நிரூபித்தால், 12 மாதம், 13 ஆண்டு, ஆக 312,000 வெள்ளி. துக்கத்துக்காக மனைவிக்குத் தனியே 30,000. அவர்கள் நீட்டிய ஐயாயிரத்தை இதோடு வைத்துப் பாருங்கள். அதனால்தான் வங்கிக் கணக்கு, சம்பளச் சீட்டு, மாதாமாதம் அனுப்பிய ரசீது எதையும் தூக்கிப் போடக் கூடாது.

குடித்துவிட்டு ஓட்டினால் காப்புறுதி செல்லாதே, யார் தருவார்கள் என்று கேட்பீர்கள். அது அவனுடைய காருக்குத்தான். மூன்றாம் நபர் மரணத்துக்கு நிறுவனம் கட்டியாக வேண்டும்; கட்டிவிட்டு அவனிடம் வசூலிப்பது அவர்கள் பாடு. சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 96ஆம் பிரிவின்படி வழக்குத் தொடங்கும் முன்போ, தொடங்கிய ஏழு நாளுக்குள்ளோ நிறுவனத்துக்கு நோட்டீஸ் போக வேண்டும். இதில் மட்டும் உங்கள் வழக்கறிஞர் தவறவே கூடாது. ஆஸ்பத்திரி வாசலில் கார்டு நீட்டியவரை நம்பி வழக்கைக் கொடுக்காதீர்கள். ஜெயித்த பணத்தில் இத்தனை விழுக்காடு என்று பேசும் ஏற்பாட்டை வழக்கறிஞர் தொழில் சட்டம் அனுமதிப்பதில்லை. கையில் காசில்லை என்றால் ஜபாத்தான் பந்துவான் குவாமானில் (சட்ட உதவித் துறை) ஆலோசனை கேட்கலாம்.

கடைசியாக சொக்சோ, அதாவது தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனம். உங்கள் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை. இன்னும் யாரும் போகவில்லை என்று நினைக்கிறேன். வேலை முடிந்து வீட்டுக்கு வரும் வழியில் நடந்த விபத்து, வேலையிட விபத்துப் போலவே சேரும். சராசரி தினச் சம்பளத்தில் 90 விழுக்காடு குடும்பத்துக்குக் கிடைக்கும்: அதில் மனைவிக்கு ஐந்தில் மூன்று பங்கு, பிள்ளைக்கு இரண்டு பங்கு. சொக்சோ வாங்கினால் காப்புறுதி வழக்கு போய்விடும் என்று சொல்வார்கள், நம்பாதீர்கள். ஷிப்ட் முடிந்த நேரம் காட்டும் பஞ்ச் கார்டு பதிவை ஃபேக்டரியின் எச்ஆரிடம் கேட்டு வாங்குங்கள். நேராக வீட்டுக்கு வந்துகொண்டிருந்தார் என்பதற்கு அதுதான் சான்று. இறப்புச் சான்றிதழ், திருமணப் பதிவு, மகளின் சூராட் பெரானாக் (பிறப்புச் சான்றிதழ்), போலீஸ் ரிப்போர்ட் இவற்றோடு தம்பி மனைவி இந்த வாரமே போகட்டும். அவரைத் தனியாக அனுப்பாமல் நீங்களும் கூடப் போங்கள்.